மேடையில் அம்மா சொன்னது

என் வேலைக்கு இரண்டே விதிகள்தான். சொன்னதைச் சொல்ல வேண்டும். சொல்லாததைச் சொல்லக் கூடாது. காது கேட்காதவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, வாய்ப்பேச்சைக் கையாலும் கைப்பேச்சை வாயாலும் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒருவர் கையால் "எனக்கு வயித்துவலி" என்றால் நானும் டாக்டரிடம் "எனக்கு வயித்துவலி" என்றே சொல்ல வேண்டும். "இவருக்கு வயித்துவலியாம்" என்றால் அது மொழிபெயர்ப்பு இல்லை, வம்பு பேசுவது. மருத்துவமனை, நீதிமன்றம், வங்கி எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு விவாகரத்து வழக்கில் கணவனுக்கும் மனைவிக்கும் நானே வாயாக இருந்து, என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அமைச்சர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோதும் அந்த இரண்டு விதிகளோடுதான் போனேன்.

எல்லையில் சண்டை தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. படையில் சேர வருகிறவர்கள் குறையக் குறைய, கூட்டங்கள் கூடிக்கொண்டே போயின. ஊருக்கு ஊர் ஓர் உள்ளரங்கம், அதில் ஒரு மேடை, மேடையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். 'வீரத்தாய்க்கு வணக்கம்' என்று விழாவுக்குப் பெயர்.

எங்கள் ஊர் வீரத்தாய் ஒரு சட்டை ஆலையில் காலர் தைக்கிறவர். பிறந்ததிலிருந்து காது கேட்காது. கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மகன்கள் இரண்டு பேர், இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். பெரியவன்தான் படையில் இருந்து இறந்தவன். சின்னவன் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கைமொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும்போது நான் எதற்கு என்று அமைச்சரின் உதவியாளரிடம் கேட்டேன். டிவியில் ஓரமாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு பெண் கையசைத்தால் பார்க்கிறவர்களுக்கு உருக்கம் வரும் என்றார். கறுப்புச் சட்டை வேண்டாம், கொடியின் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். நிறமான துணிக்கு முன்னால் கை தெரியாது என்று நான் கறுப்பிலேயே போனேன்.

மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒரு பெண் அவர் முகத்துக்கு மாவு பூசிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மட்டும் பூசாமல் விடச் சொல்லியிருந்தார்களாம், இயற்கையாக இருக்க வேண்டுமாம். நான் கையால் வணக்கம் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் திறந்தது. அவ்வளவு நேரமும் அந்த அறையில் வாய்கள்தான் அசைந்துகொண்டிருந்தன.

காது கேட்காதவர்கள் யாருடைய பெயரையும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்ததும் ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள், அதில் மரியாதை மண்ணாங்கட்டி எல்லாம் கிடையாது. எனக்கு மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவது. சின்னவனுக்கு மோவாய்க் குழியில் ஒரு விரல். பெரியவனுக்குப் புருவத்தின் மேல் ஒரு கோடு, சின்ன வயதில் விழுந்த தழும்பாம். அமைச்சருக்கு நெற்றி வியர்வையை ஒற்றி எடுப்பது, ஏனென்றால் டிவியில் எப்போது பார்த்தாலும் அவர் கையில் ஒரு கைக்குட்டை இருக்கும்.

மகன் இறந்த செய்தியை அவர் டிவியில்தான் பார்த்திருக்கிறார். ஆலையில் சாப்பாட்டு நேரம். சுவரில் இருந்த டிவியில் பெரியவன் படம் வந்தது, அடுத்து கைக்குட்டைக்காரரின் வாய் அசைந்தது. கூடவே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மகனுக்குப் பதக்கம் கிடைத்திருக்கிறது என்று நினைத்து இவர் சிரித்தாராம். சொல்லும்போது எனக்குத்தான் அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. கைப்பேச்சை நான் இங்கே வாய்ப்பேச்சாக எழுதுகிறேன். அவர் சொன்னது இது:

"பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. எப்படிச் செத்தான்னு யாரும் சொல்லலை. சின்னவனைக் கேட்டா பாதியிலேயே கையை நிறுத்திக்கறான். இன்னிக்கு அந்தக் கைக்குட்டையைக் கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

மேடையில் உங்களைப் பேசச் சொல்வார்கள், அப்போது கேளுங்கள், நான் அப்படியே வாயில் சொல்கிறேன் என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எங்கள் மொழியில் அப்படிப் பிடித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

உதவியாளர் என்னை நடைவழிக்கு அழைத்துப் போனார். ஆள் நல்ல இஸ்திரி போட்டது மாதிரி இருந்தார். நிகழ்ச்சி நிரலைச் சொல்லிக்கொண்டே வந்தவர், அம்மா பேசும் இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க என்ன கையசைச்சாலும் நீங்க இதைச் சொல்லிடுங்க மேடம். 'ஒரு மகனைத் தந்தேன், இன்னொருவனையும் தருகிறேன்.' சின்னப் பையன் ஏற்கெனவே சரின்னுட்டான். மேடையிலேயே சேத்துக்கறோம்."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சாலும் அவங்க என்ன பேசவா போறாங்க?"

அவங்க சொல்றதைத்தான் நான் சொல்லுவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. இதே போல் இன்னும் பல ஊர்களில் விழா இருக்கிறது, எல்லாவற்றுக்கும் என்னையே கூப்பிட நினைத்திருப்பதாக அன்பாகச் சொன்னார்.

சின்னவன் மேடைப் படிக்கட்டின் கீழே நின்றிருந்தான். மார்பின் குறுக்கே கொடி நிறத்தில் ஒரு பட்டை போட்டுவிட்டிருந்தார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். ஷூவைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மேடையில தெரிஞ்சுக்கட்டும்க்கா. அவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடின்னா அழ மாட்டாங்க."

அறைந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் அவன் முகத்தில் மீசைகூடச் சரியாக வளரவில்லை. அவன் வீட்டு விஷயத்தை அவன் அம்மாவிடம் நான் போய்ச் சொல்வதும் என் வேலையில் சேராது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்னை மேடை ஓரத்தில், அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டி, காமிராவைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். காமிராக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் அவன்தான் இடம் மாறினான்.

அமைச்சர் பேச ஆரம்பித்தார். நல்ல குரல், அதில் குறை சொல்ல முடியாது. ஏற்றி இறக்கி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம்விட்டுப் பேசினார். நான் கையைத் தூக்கினேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

"மரணத்தையே மண்டியிட வைத்தான் அந்த மாவீரன்" என்றார். இதை எப்படிக் கையால் சொல்வது? என்ன நடந்ததோ அதைத்தான் கையால் காட்ட முடியும். 'மகன் செத்தான். தைரியமாக' என்று காட்டினேன். "புகழுடம்பு எய்தினான்" என்றார். மகன் செத்தான், பேர் எடுத்தான். "மண்ணைத் தாயென்றான், அந்தத் தாய்மடியிலேயே தலைசாய்த்தான்." மகன் செத்தான், அங்கே, மண்ணில். "அவன் குருதி நம் கொடியில் ஓடுகிறது." ரத்தம். மகன் செத்தான். அவர் ஒவ்வொரு முறையும் புதுப்புது வார்த்தை போட்டார், அரங்கம் புதுப்புதிதாகக் கைதட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த தாயிடம் நான் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சொல்லவே யாருக்கும் நாக்கு எழாத செய்தி அது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மடியில் இருந்த கையை லேசாகத் தூக்கினார்.

"தெரியும். வேற ஏதாவது சொல்றானா?"

கைமொழியில் நீங்க, அவர் எல்லாம் கிடையாது. விரலை நீட்டினால் அமைச்சரும் 'அவன்'தான், நாய்க்குட்டியும் 'அவன்'தான். இல்லை, இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அமைச்சர் அப்போது மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

எதிரியின் குண்டை முதுகில் அல்ல, மார்பில் வாங்கினான் என்று அவர் சொன்னதைக் காட்டியபோது மட்டும் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மார்பிலயா? இவன் பக்கத்துல இருந்தானா?"

நீங்கள் பேசும்போது கேளுங்கள் என்று காட்டினேன். தலையை ஆட்டினார்.

பிறகு அமைச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றினார். குரலை அடியோடு இறக்கினார். "இந்தத் தாய் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? ஒருவன் போதாது ஐயா, என் இன்னொரு மகனையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்." அரங்கம் எழுந்து நின்றது. சின்னவன் பட்டையோடு மேடை ஏறினான்.

சொன்னதைச் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரு சொல் விடாமல் கையால் சொன்னேன். அந்த அம்மா தன் நெஞ்சில் விரலை வைத்தார்.

"நானா?"

"நீங்கதான்."

"எப்போ?"

அதற்குள் உதவியாளர் ஓடிவந்து, அம்மாவைப் பேசச் சொல்லுங்கள் என்று என் காதோரம் சொன்னார். என் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அந்த அம்மா எழுந்து அமைச்சரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கையைத் தூக்கினார். நான் வாயைத் திறந்தேன்.

"நான் உங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. என் பெரிய பையனை நான் குடுக்கலை, அவன் வேலைக்குத்தான் போனான். அவன் எப்படி..."

விளக்கு அணைந்தது. என் குரல் என் காதுக்கு மட்டும் கேட்டது. நான் விடாமல் கத்தினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், நானும் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து எனக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். அந்த அம்மாவுக்கு மைக் அணைந்தது எப்படித் தெரியும்? அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எப்படிச் செத்தான், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஏன் பெட்டியைத் திறக்கவில்லை. கை வேகமாகிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அது என் ஒருத்திக்கும் அவர் மகனுக்கும் மட்டும்தான் புரிந்தது.

அமைச்சருக்குக் கைமொழி ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் அவர் மொழிபெயர்த்தார். அந்தக் கைகளைப் பாருங்கள், போய் வா மகனே, வென்று வா என்கின்றன அந்தக் கைகள் என்றார். எத்தனையோ கத்துக்குட்டி மொழிபெயர்ப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறவரைப் பார்த்ததில்லை.

அதோடு அவர் விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆசை யாரை விட்டது? தன் மைக்கைச் சின்னவன் கையில் கொடுத்தார்.

"நீயே சொல்லு தம்பி. அம்மா என்ன சொன்னாங்க?"

அந்த மைக் வேலை செய்தது. சின்னவன் மூச்சு விடும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அமைச்சரைக் காட்டி அவனிடம் கேட்டார்.

"இவன் என்ன பதில் சொன்னான்?"

அவன் ஒரு கையால் ஏதோ சொல்லப் பார்த்தான். வரவில்லை. 'பதில் சொல்லலை' என்பதற்கும் 'குடுத்துட்ட' என்பதற்கும் எங்கள் மொழியில் இரண்டு கையும் வேண்டும். குனிந்து மைக்கைத் தரையில் வைத்தான். ஒலிபெருக்கியில் 'டொம்' என்று ஒரு சத்தம் வந்தது, கூட்டம் அடங்கியது.

"பதில் சொல்லலைம்மா. நீ என்னையும் குடுத்துட்டதா சொல்றார்."

"நீ என்ன சொன்ன?"

அவன் கை கீழே இறங்கிவிட்டது. பதிலுக்காக அந்த அம்மா காத்திருக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து, சந்தைக்கூட்டத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது போல் மேடையை விட்டு இறக்கி, நடுவழியாக வாசலுக்குக் கூட்டிப் போனார். மகனை நேரே படைமுகாமுக்கே அழைத்துப் போகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, ஜனங்கள் எழுந்து வழிவிட்டார்கள். உதவியாளர் மைக்கைப் பொறுக்கினார், யாரோ பாட்டைப் போட்டார்கள். நான் சட்டையில் இருந்த மைக்கைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவர்கள் பின்னால் ஓடினேன்.

அரங்கத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம். வெயில். அந்த அம்மா மகனை நிழலில் உட்காரவைத்து, தான் எதிரே நின்றுகொண்டார். என்னைப் பார்த்ததும், தன் கேள்வியை அந்தக் கைக்குட்டையிடம் சொன்னாயா என்று கேட்டார். பாதிதான் சொன்னேன், மைக்கை அணைத்துவிட்டார்கள் என்றேன். அப்படியானால் பெரியவன் எப்படிச் செத்தான் என்று யாருக்குமே தெரியாது என்று அவர் கையை உதறினார். சின்னவன் பட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று அதைப் பக்கத்தில் வைத்தான்.

"எனக்குத் தெரியும்மா."

இந்த முறை அவன் கையை நிறுத்தவில்லை.

"சண்டை எதுவும் இல்ல. வண்டி கவுந்துடுச்சு. பாலத்துக்குக் கீழ விழுந்துடுச்சு. அண்ணன் கூட இருந்தவன் போன் பண்ணிச் சொன்னான். நான்தான் உங்கிட்ட மறைச்சேன்."

"உடனே செத்துட்டானா?"

"இல்ல. கால் மாட்டிக்கிச்சு. கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்."

"பக்கத்துல யாரும் இல்லையா?"

"மேல ரோட்டுல எல்லாரும் இருந்தாங்க. கீழ கண்ணிவெடி இருக்கலாம், உத்தரவு வராம இறங்கக் கூடாதுன்னு நின்னாங்க. உத்தரவு வர லேட்டாயிடுச்சு. இதைப் போயி உங்கிட்ட எப்படிச் சொல்றது? நான் போயி எதையாவது சாதிச்சா அண்ணன் செத்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்னு நெனச்சேன்."

ஒரு பஸ் வந்து நின்று, நாங்கள் ஏறாததால் திட்டிவிட்டுப் போனது. அது போனதும் அந்த அம்மா மெதுவாக, என்னையும் பார்த்து, எங்கள் இரண்டு பேருக்குமாகச் சொன்னார்.

"அவன் கைக்குழந்தையா இருந்தப்ப அழுதா எனக்குக் கேக்காதே. அவன் நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டேதான் தூங்குவேன். நெஞ்சு குலுங்கினா எந்திரிச்சுடுவேன். ஒரு நாளும் அவனைக் கத்த விட்டதில்ல." புருவத்தின் மேல் ஒரு கோடு போட்டார். பிறகு அரங்கத்தின் பக்கம் கையை நீட்டினார். உள்ளே பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது, எனக்கும் சின்னவனுக்கும். "அங்க ரோட்டுல நின்னவங்களுக்கெல்லாம் இவங்க மாதிரி காது கேக்கும்தானே?"

"கேக்கும்மா" என்று சொன்னான் அவன். சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதான்.

அவன் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், உதவியாளர்தான். மேடையில் நடந்தது பரவாயில்லை, டிவியில் வெட்டிக்கொள்ளலாம், நாளைக் காலை முகாமுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிடு என்று அவர் சொன்னது வெளியிலேயே கேட்டது. யார் என்று அம்மா புருவத்தை உயர்த்திக் கேட்டார். கைக்குட்டை வீட்டு ஆள் என்று சின்னவன் காட்டினான். அம்மா போகாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார், அவ்வளவுதான்.

"நான் வரலை சார்" என்றான் அவன் போனில். சொல்லிக்கொண்டே, சும்மா இருந்த கையால் அம்மாவுக்கும் அதையே சொன்னான்.